சித்திரக் கதைகள்: என் விருப்பும் வெறுப்பும்

நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர் சித்திரக் கதைகளைப் பற்றிப் பேச வந்தால் கேட்போர் முகத்தில் புன்னகை அரும்புவது இயல்பு. சித்திரக் கதை பிள்ளைகளுக்கு உரியது, மீசை முளைத்ததும் அதை ஒதுக்கிவிட வேண்டும் என்பது நம்மவரில் பலருடைய கருத்து. சட்டங்களையும் சுற்றறிக்கைகளையும் ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கொண்டு செல்வது என் பணி. மாலையில் வீடு திரும்பியபின் நான் கையில் எடுப்பது பெரும்பாலும் ஒரு சித்திரக் கதையே. கடந்த ஓராண்டில் அவ்வாறு படித்தவற்றுள் சில எனக்குப் புதியவை. சில, இளமையில் படித்து மீண்டும் புரட்டியவை. அவற்றுள் எவை என் மனத்துக்கு உகந்தன, எவை உகக்கவில்லை என்பதை, வேறு மாநிலங்களில் வாழும் தமிழன்பர்களாகிய உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

எந்த அளவுகோலால் அளந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுவது முறை. ஒரு மனிதரை நமக்கு அறிமுகப்படுத்த நாவலாசிரியருக்கு இருபது பக்கங்கள் உண்டு. சித்திரக்காரருக்கோ உள்ளங்கை அகலமுள்ள ஒரு கட்டமும் நாலைந்து கோடுகளுமே உண்டு. அந்தக் கோடுகளால் அவர் ஓர் ஆளை வரையலாம். அல்லது ஓர் இனத்தார் அனைவர் மீதும் குத்தும் ஒரே முத்திரையையும் வரையலாம். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிற மாநிலங்களில் குடியேறிய தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. 1968ல் வந்த 'படோசன்' என்னும் இந்திப் படத்தில் மெஹ்மூத் ஏற்ற தென்னாட்டுச் சங்கீத ஆசிரியர் வேடத்தை நினைத்துப் பாருங்கள். அவர் நடிப்பில் நானும் சிரித்தவன்தான். ஆனால் அந்தக் குடுமியையும் கொச்சை இந்தியையும் தெருவில் நம்மீது ஏற்றிச் சிரிப்பவரைக் காணும்போது, முத்திரை குத்தப்படுவது இன்னதென்று தெரிந்துவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு நூலிலும், அயலாரின் முகம் எப்படி வரையப்பட்டிருக்கிறது என்பதையே நான் முதலில் பார்த்தேன்.

பெல்ஜிய நாட்டுச் சித்திரக்காரர் எர்ஜே படைத்த டின்டின் கதைகளை நீங்கள் அறிவீர்கள். அவ்வரிசையில் 'காங்கோவில் டின்டின்' என்ற கதை எனக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. அது 1930லும் 1931லும் சிறுவர் இதழ் ஒன்றில் தொடராக வந்தது. காங்கோ அந்நாளில் பெல்ஜியத்தின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. கதையில் வரும் ஆப்பிரிக்கர் அனைவருக்கும் ஒரே தடித்த உதடு, ஒரே பேதைமை. வெள்ளைச் சிறுவன் ஒருவன் வந்து அவர்களுக்கு எல்லாம் கற்பிக்கிறான். முதற் பதிப்பில் அவன் பள்ளிக்கூடத்தில் நின்று, உங்கள் நாடு பெல்ஜியம் என்று பாடம் நடத்துகிறான். 1946ல் வண்ணப் பதிப்பு வந்தபோது அது கணக்குப் பாடமாக மாற்றப்பட்டது. பாடத்தை மாற்றியவர் முகங்களை மாற்றவில்லை. பெல்ஜியத்தில் குடியேறி வாழ்ந்த காங்கோ நாட்டவர் ஒருவர் இந்நூலைத் தடை செய்ய வேண்டுமென்று 2007ல் வழக்குத் தொடுத்தார். 2012ல் நீதிமன்றம் அவர் கோரிக்கையை ஏற்க மறுத்தது. தடை செய்வதில் எனக்கும் உடன்பாடு இல்லை. ஆனால், வந்து குடியேறிய ஊரின் புத்தகக் கடையில் தம் மக்களின் முகம் அவ்வாறு அடுக்கி வைக்கப்பட்டிருப்பதைக் காணும் ஒருவரின் மனநிலை எனக்கு விளங்குகிறது.

வியப்பு என்னவென்றால், இவ்வாண்டு நான் மிக விரும்பிப் படித்த நூல்களில் ஒன்றும் அதே எர்ஜேயின் கை வரைந்ததே. 1934ல் பிரஸ்ஸல்ஸ் நகரில் கலை பயில வந்திருந்த சாங் என்ற சீன இளைஞர் அவருக்கு நண்பரானார். சீன மக்களின் உண்மை வாழ்க்கையை நண்பரிடம் கேட்டறிந்து எர்ஜே வரைந்த 'நீலத் தாமரை' 1936ல் நூலாயிற்று. சாங் தாய்நாடு திரும்பிய பின்னர் இருவருக்கும் தொடர்பு அற்றுப்போயிற்று. 1960ல் நூலாக வந்த 'திபெத்தில் டின்டின்' அந்தப் பிரிவிலிருந்து பிறந்தது எனலாம். கதையில் சாங் என்னும் சிறுவன் விமான விபத்தில் பனிமலையில் சிக்குகிறான். அவன் இறந்துவிட்டான் என்று எல்லாரும் சொல்ல, டின்டின் மட்டும் நம்ப மறுத்துத் தேடிப் புறப்படுகிறான். வழியில் டில்லியில் இறங்கி, குதுப்மினாரையும் செங்கோட்டையையும் சுற்றிப் பார்க்கிறார்கள். தெருவை மறித்துப் படுத்திருக்கும் பசுவைக் கடக்க முயன்று கேப்டன் ஹேடாக் படும் பாட்டை, டில்லிவாழ் அன்பர்கள் தம் தெருவிலேயே நடந்ததுபோல் கண்டு சிரிக்கலாம். இக்கதையில் வில்லன் எவனும் இல்லை. மக்கள் அஞ்சி நடுங்கிய பனிமனிதனே சாங்கிற்கு உணவூட்டிக் காப்பாற்றியிருக்கிறான். கடைசிப் படத்தில், தன் ஒரே தோழன் மலையைவிட்டு இறங்கிச் செல்வதை அந்தப் பெரிய உருவம் தொலைவில் நின்று பார்க்கிறது. அதன் முதுகை மட்டும் வரைந்து அதன் துயரத்தை நமக்கு உணர்த்திவிடுகிறார் எர்ஜே. 1981ல் இரு நண்பர்களும் பிரஸ்ஸல்ஸில் மீண்டும் சந்தித்தார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

கொல்கத்தாவில் வாழும் அன்பர்கள் இக்கதைகளை வங்கமொழியிலும் படித்திருக்கக்கூடும். கவிஞர் நீரேந்திரநாத் சக்ரவர்த்தி 'ஆனந்தமேளா' இதழுக்காக அவற்றை மொழிபெயர்த்தார். டின்டினின் நாய்க்குட்டிக்கு அவர் 'குட்டுஸ்' என்று பெயர் வைத்தார். இந்தியில் அதற்கு 'நட்கட்' என்று பெயர். கவிஞர்கள் இத்துறைக்கு வருவது தம் தகுதிக்குக் குறைவு என்று எண்ணாத மொழிகள் பேறு பெற்றவை.

அடுத்து, நம் இளமைப் பருவத்து வேதாளர். லீ பாக் என்ற அமெரிக்கர் 1936ல் படைத்த இந்த முகமூடி வீரரை, 1964ல் தொடங்கிய 'இந்திரஜால் காமிக்ஸ்' இந்திய மொழிகளில் உலவவிட்டது. மண்டையோட்டு மோதிரமும் வெண்குதிரையும் இன்றும் கண்முன் நிற்கின்றன. எனினும் இவ்வாண்டு பழைய இதழ்கள் சிலவற்றை மீண்டும் படித்தபோது, பாதியிலேயே மூடி வைத்தேன். ஆப்பிரிக்காவும் ஆசியாவும் கலந்த ஒரு கற்பனைக் காட்டில், நானூறு ஆண்டுகளாக, தந்தைக்குப் பின் மகனாக ஒரு வெள்ளையர் குடும்பம் நீதி வழங்குகிறது. காட்டு மக்களோ முரசு கொட்டவும் வியந்து நிற்கவும் மட்டுமே இருக்கிறார்கள். மூலக் கதையில் 'பெங்காலி' என்றிருந்த நாட்டின் பெயர் இந்தியப் பதிப்பில் 'டெங்காலி' ஆயிற்று. எழுத்தை மாற்றினால் புண்படுவோர் குறைவர் என்று கருதினார்கள் போலும். மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் எனக்கு அந்தச் சங்கடம் புரிகிறது. ஆனால் பெயரை மாற்றுவதால் படத்தில் யார் நிற்கிறார், யார் மண்டியிடுகிறார் என்பது மாறிவிடுவதில்லை.

இதற்கு மாறாக, எத்தனை முறை படித்தாலும் சலிக்காதது 'இரும்புக்கை மாயாவி'. 1962ல் 'வேலியன்ட்' என்னும் ஆங்கில இதழில் தொடங்கிய இக்கதைக்கு ஸ்பெயின் நாட்டு ஹெசூஸ் பிளாஸ்கோ படம் வரைந்தார். 1972ல் சிவகாசியிலிருந்து வெளிவந்த 'முத்து காமிக்ஸ்' இதனையே தன் முதல் இதழாகக் கொண்டது. மின்சாரம் பாய்ந்தால் நாயகனின் உடல் முழுதும் மறைந்துவிடும். இரும்புக் கை மட்டும் தெரியும். இவன் தொடக்கத்தில் நல்லவனும் அல்லன். கிடைத்த ஆற்றலைக் குற்றம் செய்யவே பயன்படுத்தி, பிறகுதான் திருந்துகிறான். முகத்தைக் கண்டவுடன் நல்லவன், தீயவன் என்று பிரித்துவிட முடியாத கதை இது. முகமே தெரிவதில்லை அன்றோ! தலைப்பையும் பாருங்கள். ஆங்கிலத்தில் எஃகு நகம் என்று பொருள்படும் பெயர். அதை அப்படியே பெயர்த்திருந்தால் யார் நினைவு வைத்திருப்பார்கள்? பேச்சுக்குமிழின் அளவு ஆங்கிலச் சொல்லுக்கு ஏற்ப முன்னமே வரையப்பட்டிருக்கும். தமிழ்ச் சொற்களோ நீண்டவை. அந்தச் சிறு வட்டத்துக்குள் அடங்குமாறு, கருத்தும் கெடாமல் எழுதுவது எளிய வேலையன்று. சிவகாசிக்காரர்கள் அதைப் பெயர் கூடப் போட்டுக்கொள்ளாமல் செய்த காலமும் உண்டு.

இனி, சொல்லத் தயங்கும் ஒன்றைச் சொல்கிறேன். 'அமர் சித்திரக் கதை' வெளிமாநிலத் தமிழர் வீடுகளில் இல்லாமல் இருப்பது அரிது. டில்லியில் ஒரு தொலைக்காட்சி வினாவிடை நிகழ்ச்சியில் கிரேக்கப் புராணக் கேள்விக்கு விடை சொன்ன மாணவர்கள், இராமனின் தாயார் பெயர் தெரியாமல் விழித்ததைக் கண்டு அனந்த் பை இவ்வரிசையைத் தொடங்க எண்ணினார் என்பர். அது 1967ஆம் ஆண்டு. பாட்டிமார் ஊரில் தங்கிவிட, கதை சொல்ல ஆளின்றி வளர்ந்த குழந்தைகளுக்கு இந்நூல்கள் செய்த உதவி பெரிது. ஆயினும் இவற்றின் பழைய இதழ்கள் பலவற்றில் தேவர்களும் அரசர்களும் சிவந்த மேனியராகவும், அசுரர்கள் கரிய மேனியும் பருத்த உதடும் கோரைப் பல்லும் உடையவராகவும் வருவதைக் காணலாம். கண்ணனையும் இராமனையும் நீலமாக வரைந்து தப்பித்துக் கொண்டார்கள். என் மகள் படிக்கும் பள்ளியில் ஒரு புராண நாடகம் போட்டார்கள். அசுரர் வேடத்துக்குத் தேர்ந்தெடுத்த பிள்ளைகளின் முகத்தில் கறுப்பு மை பூசினார்கள். என் மகளுக்கு மை பூசத் தேவையில்லை என்று ஆசிரியை சொன்னாராம். அன்றிரவு அவள் அந்தச் சித்திரக் கதையை என்னிடம் கொண்டுவந்து, "அப்பா, அசுரர் எல்லாரும் நம்ம ஊர்க்காரங்களா?" என்று கேட்டாள். நம் பக்தியையும் பழங்கதையையும் ஊட்ட வாங்கிய நூல், அதே கரண்டியால் வேறொன்றையும் ஊட்டியிருந்தது.

அவளிடம் நான் கொடுத்த மறுமொழி, 'பீமாயணம்' என்ற நூல். 2011ல் டில்லியின் நவயானா பதிப்பகம் வெளியிட்டது, தமிழிலும் வந்திருக்கிறது. அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையைக் கூறும் இதற்கு எழுத்து வடிவம் தந்தவர்கள் ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ். ஆனந்தும். படம் வரைந்தவர்கள் மத்தியப் பிரதேசத்துப் பர்தான் கோண்டு மரபைச் சேர்ந்த துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் தம்பதியர். தம் சுவரோவிய மரபுக்கு உரிய அலங்காரக் கோடுகளைப் பக்கங்களின் நடுவே ஓடவிட்டு, கட்டம் போடாமலே கதை சொல்கிறார்கள். கட்டத்துக்குள் மனிதரை அடைக்க அவர்களுக்கு மனமில்லை. இனிய சொற்கள் பறவை வடிவக் குமிழில் வருகின்றன. சுடுசொற்களின் குமிழில் தேளின் கொடுக்கு நீண்டிருக்கிறது. 1901ல் தந்தையைக் காணப் புறப்பட்ட சிறுவன் பீமனுக்கு, சாதி தெரிந்ததும் வண்டிக்காரர் வண்டி தர மறுக்கிறார்கள். இரட்டைக் கூலி கொடுத்தும் தாமே ஓட்டிச் செல்ல நேர்கிறது. வழியெல்லாம் குடிக்க நீர் கிடைக்கவில்லை. இந்நூலில் கறுப்பு நிறம் எவருக்கும் இழிவாக நிற்கவில்லை; எல்லாக் கோடும் கறுப்புத்தானே! என் மகள் தேள் கொடுக்கு வரும் குமிழ்களை விரல் வைத்து எண்ணினாள். எந்தச் சொல் கொட்டும் என்பது அவளுக்கு விளங்கிவிட்டது.

இதனோடு வைத்துப் படிக்கத்தக்கது ஓரிஜித் சென் வரைந்த 'ரிவர் ஆஃப் ஸ்டோரீஸ்'. நர்மதை அணையால் இடம்பெயரும் மக்களைப் பற்றி 1994ல் வந்த இந்நூல் நெடுநாள் கிடைக்காமல் இருந்தது. 2022ல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் மறுபதிப்புச் செய்தது. ஊரைவிட்டு வந்தவர்களாகிய நாம், ஊரைவிட்டுப் போகச் செய்யப்பட்டவர்களின் கதையைப் படிக்கையில் மனம் கனக்கிறது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். கேலிச்சித்திரம் என்றாலே மிகைப்படுத்துவதுதானே, முத்திரை இல்லாமல் சித்திரக் கதை ஏது என்று கேட்கலாம். அதற்கு விடை ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மவுஸ்'. 1986லும் 1991லும் இரு பாகங்களாக வந்து, 1992ல் புலிட்சர் சிறப்புப் பரிசு பெற்றது. ஹிட்லரின் கொடுமைக்கு ஆளான யூதர்களை எலிகளாகவும் ஜெர்மானியரைப் பூனைகளாகவும் அவர் வரைந்தார். ஆனால் அந்த எலிகளுள் ஒருவர் கருமி, ஒருவர் முன்கோபி, ஒருவர் அன்பே உருவானவர். இரண்டாம் பாகத்தில் ஆசிரியர் தம்மையே எலி முகமூடி கட்டிய மனிதராக வரைந்து காட்டுகிறார். முத்திரையைக் கையாண்டே முத்திரையின் பொய்மையை உணர்த்திய நூல் இது.

ஆகவே என் தீர்ப்பு இதுதான். விருப்பத்தில் முதலிடம் 'பீமாயண'த்துக்கு. அதன் அருகே 'திபெத்தில் டின்டின்'. வெறுப்பில் கடைசி இடம் காங்கோவுக்கு என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். நான் அதை நம் கரிய அசுரருக்கே கொடுக்கிறேன். காங்கோக் கதையின் குறையை உலகம் அறிந்துவிட்டது. நம் வீட்டுப் பூசை அலமாரிக்கு அருகில் இருப்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

எந்த நூலையும் பரணில் ஏற்றுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. குழந்தையின் அருகில் அமர்ந்து, பக்கத்தைப் புரட்டும்போது, இந்த முகம் யாருடையது, இதை வரைந்தவர் இவரை நேரில் கண்டிருப்பாரா என்று ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள். தமிழ் எழுத்து தட்டுத் தடுமாறிப் படிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழ்ச் சித்திரக் கதையைக் கொடுங்கள். நீண்ட பத்தியைக் கண்டு அஞ்சும் குழந்தை, குமிழுக்குள் இருக்கும் நாலு சொல்லைக் கண்டு அஞ்சாது. ஊருக்குப் போகும்போது ஒன்றிரண்டு வாங்கி வாருங்கள்; படித்து முடித்ததும் அடுத்த வீட்டுத் தமிழ்ப் பிள்ளைக்குக் கொடுங்கள்.