பொய்ப் பெயரும் நம் பெயரும்

(லாபிஸில் நடைபெற்ற தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மொட்டைக் கடிதம் தோட்டத்துக்குப் புதிதன்று. எவனோ எழுதுவான், பெரட்டில் பழி வேறொருவன் தலையில் விழும். இன்று அந்த மொட்டைக் கடிதம் கைத்தொலைபேசிக்குள் குடியேறிவிட்டது. அன்று பெயரின்றி எழுதினார்கள். இன்று பிறர் பெயரையும் படத்தையும் திருடி எழுதுகிறார்கள்.

2024 ஜூலையில், டிக்டாக்கில் ஈஷா என்று பலரும் அறிந்த நம் சகோதரி ராஜேஸ்வரி, இணைய வசைகளைத் தாங்காது உயிர் நீத்தார். குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவருடையதாகச் சொல்லப்பட்ட கணக்கு வேறு பெயரில் இருந்தது. இன்னொருவருக்கு 1955ஆம் ஆண்டுச் சிறு குற்றச் சட்டப்படி விதிக்கப்பட்ட அபராதமோ 100 வெள்ளி! அச்சட்டத்தில் அன்று அதற்குமேல் இடமிருக்கவில்லை.

நாடு கொதித்தது, சட்டம் மாறிற்று. 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவில் அபராத உச்சவரம்பு 50,000 வெள்ளியிலிருந்து 500,000 வெள்ளியாகவும், சிறை ஓராண்டிலிருந்து ஈராண்டாகவும் 2025 பிப்ரவரியில் உயர்ந்தன. 2025 ஜூலை 11 முதல், பகடிவதையைத் தண்டிக்கும் புதிய பிரிவுகள் குற்றவியல் சட்டத்தில் நடப்புக்கு வந்தன. பிறராக நடித்து ஏமாற்றுவது அச்சட்டத்தின் 416, 419ஆம் பிரிவுகளின்படி முன்பே குற்றம்.

இவை வைதவனுக்கு. வையாதவனும் அறியவேண்டியது ஒன்றுண்டு. 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 114ஏ பிரிவு அது. ஒரு கணக்கின் உரிமையாளராக யாருடைய பெயரோ படமோ காணப்படுகிறதோ, இணைப்பு யார் பெயரில் பதிவாகியுள்ளதோ, அவரே எழுதியவர் என்று அச்சட்டம் கொள்ளும். “நான் எழுதவில்லை” என்று மெய்ப்பிக்கும் பாரம் அவர் தலையில்! விடியுமுன் பால்மரம் வெட்டப் போகும் நம் சகோதரி எதைக் காட்டி மெய்ப்பிப்பார்?

ஆகவே தோழர்களே, பிறர் சிம் கார்டு வாங்க உங்கள் அடையாளக் கார்டைக் கொடாதீர்கள். உங்கள் பெயரில் போலிக் கணக்கு தோன்றினால், அது மறையுமுன் தேதி, நேரத்தோடு படம் பிடித்து வையுங்கள். அன்றே போலீசில் புகார் செய்து நகல் வாங்குங்கள். தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்கும் எழுதுங்கள். எழுதத் தயங்குவோர் கிராணிமாராகிய எங்களிடம் வாருங்கள்; எழுதித் தருவது எங்கள் கடமை.

இளைஞர்களுக்கு ஒரு சொல். சம்பளத்தில் குறையா? மண்டோர் செய்தது அநியாயமா? பொய்ப் பெயரில் வையாதீர்கள். வசை மிஞ்சினால் வழக்கு நம்மீது திரும்பும், குறை அப்படியே கிடக்கும். ஒருவன் தனியே சொல்ல அஞ்சியதைப் பலர் கூடிச் சொல்லவே சங்கம் கண்டோம். நம் குறையை நம் பெயரிலேயே எழுதுவோம்; கீழே அனைவரும் கையெழுத்திடுவோம்!