அவையஞ்சாமையும் குரற்பயிற்சியும்



வெள்ளி விழாக் காணும் இக்கழகத்தின் கல்விப் பணியைப் பற்றி எனக்கு முன்னர்ப் பேசியோர் விரிவாக எடுத்துரைத்தனர். எனக்கு அளிக்கப்பட்ட பொருள் குரற்பயிற்சி. குரல் பிறவியில் அமைவது, அதற்கு எதற்குப் பயிற்சி என்று சிலர் எண்ணக்கூடும். கால்களும் பிறவியில் அமைந்தவையே. ஆயினும் பந்தயத்தில் ஓட விரும்புவோன் பயில்கிறான் அல்லவா? திருக்குறளில் அவையறிதல், அவையஞ்சாமை என்னும் இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. கற்றதை அவையில் உரைக்க அஞ்சுபவனின் கல்வியை வள்ளுவர் மதிக்கவில்லை. ஆனால் அவ்வச்சம் எங்கிருந்து பிறந்தது என்று அவர் அங்கு ஆராயவில்லை. நாமோ அதனை ஆராயாமல் பயிற்சியைத் தொடங்க இயலாது.

ஊர்த் தெருவில் உரத்துப் பேசுவது நம் முன்னோர்க்குக் குற்றமாக்கப்பட்டிருந்தது. நிலக்கிழார் முன்னே முதுகு வளைந்து, மேல்துண்டைக் கக்கத்தில் இடுக்கி, கையால் வாயைப் பொத்திக்கொண்டே விடை சொல்ல வேண்டியிருந்தது. இளைஞர்களே, அந்நிலையில் ஒருமுறை நின்று பாருங்கள். மார்பு ஒடுங்கிய உடலில் மூச்சு நிறைவதில்லை. மூச்சு நிறையாத போது குரல் எழுவதில்லை. பணிவு என்று பெயர் சூட்டித் தலைமுறை தலைமுறையாக உடலுக்குக் கொடுக்கப்பட்ட பயிற்சியே அது. இன்று நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் நம் பட்டதாரிப் பிள்ளை, விடை நன்கு தெரிந்திருந்தும் அதனைத் தன் மடியில் இருக்கும் சான்றிதழ்களிடம் சொல்வதுபோல் முணுமுணுத்துவிட்டு வருகிறான். இதனை அவனுடைய அறிவின் குறை என்று கருதுவோர் நம்மிடையேயும் உளர். அது தவறு.

வியப்பு என்னவெனில், அதே ஊரில் மிக உரத்து ஒலித்த குரலும் நம்முடையதே. தண்டோரா போட்டவர் யார்? ஏலத்தையும் வரி கட்டும் நாளையும் ஊர்க்கூட்டத்தையும் பறை முழக்கித் தெருத்தெருவாக அறிவித்தவர் நம்மவர். பிறர் எடுத்த முடிவை ஊர் முழுதும் கேட்கும்படி சொல்ல வேண்டும். தன் கருத்து ஒன்றைக் கூட்டத்தில் சொல்லக்கூடாது. தண்டோரா முறை இனித் தேவையில்லை, ஒலிபெருக்கியைப் பயன்படுத்தலாம் என்று 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். ஒழிய வேண்டிய முறைதான், அதில் ஐயமில்லை. ஆயினும் அம்முதியவர்கள் கையாண்ட தொழில்நுட்பத்தை நாம் இழந்துவிடலாகாது. முழக்கத்தை நிறுத்தியவுடன் அவர்கள் பேசத் தொடங்குவதில்லை. தெரு அடங்கும் வரை ஒரு மூச்சு நேரம் பொறுப்பார்கள். சிறு சிறு தொடர்களாகச் சொல்வார்கள். ஒவ்வொரு தொடரின் இறுதிச் சொல்லையும் தேயவிடாமல் நிறுத்திச் சொல்வார்கள். மேடைப் பேச்சின் பாதி இதில் அடங்கிவிடுகிறது.

இனிக் குரல் பிறக்கும் முறையைச் சிறிது காண்போம். உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகியவற்றில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றால் எழுத்தாக வெளிப்படுகிறது என்று தொல்காப்பியம் பிறப்பியலில் கூறுகிறது. இன்றைய அறிவியலின்படி, நுரையீரலிலிருந்து வரும் காற்று குரல்வளையிலுள்ள இரு குரல் நாண்களை அதிரச் செய்கிறது. பேசும்பொழுது ஆண்களின் நாண்கள் நொடிக்கு நூற்றுக்குச் சற்று மேலும், பெண்களின் நாண்கள் ஏறத்தாழ இருநூறு முறையும் அதிர்கின்றன. இவ்வதிர்வுக்குத் தொண்டையும் வாயும் மூக்கும் முழக்கம் தருகின்றன. அஞ்சுபவன் தோள்களை உயர்த்தி மேல்மார்பால் மூச்சிழுக்கிறான், தொண்டை இறுகுகிறது, குரல் கீச்சிடுகிறது, பேச்சு விரைகிறது. இதற்கு மருந்து தொண்டையில் இல்லை, வயிற்றில் உள்ளது. பாயில் மல்லாந்து படுத்து, வயிற்றின்மீது ஒரு புத்தகத்தை வைத்துக்கொள்ளுங்கள். மூச்சை இழுக்கும்போது புத்தகம் உயர வேண்டும், மார்பு அசையலாகாது. பின்னர் 'ஸ்' என்ற ஒலியோடு காற்றைச் சீராக விடுங்கள். முதல் நாள் பத்து நொடி நின்றால் போதும். சில வாரங்களில் இருபது, இருபத்தைந்தாக வளரும். அடுத்து, இதழ்களை மூடி 'ம்' என்று மெல்ல ஒலித்து, மூக்கிலும் உதட்டிலும் அதிர்வை உணருங்கள். அவ்வதிர்வு குலையாமலே வாயைத் திறந்து உங்கள் பெயரைச் சொல்லுங்கள். கத்தாமலே அக்குரல் அறையின் கடைசி வரை செல்வதைக் காண்பீர்கள்.

தமிழ் பேசுவோர்க்கு மூச்சின் தேவை இன்னும் மிகுதி. நம் மொழியில் வினைச்சொல் பெரும்பாலும் தொடரின் இறுதியில் நிற்கிறது. ஆம் என்பதும் இல்லை என்பதும் அங்கேதான் தெரிகின்றன. "எங்கள் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் இன்றுவரை போடப்படவில்லை" என்று கிராம சபையில் ஒருவர் சொல்கிறார். 'குழாய்' என்பதோடு மூச்சு தீர்ந்துவிட்டால், போடப்பட்டதா இல்லையா என்பது எவர் காதிலும் விழாது, குறிப்பேட்டிலும் ஏறாது. 1992-இல் நிறைவேறிய 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சிகளில் நமக்கு இட ஒதுக்கீடு தந்துள்ளது. இடம் கிடைத்த பின்னும் பேச்சின் கடைசிச் சொல்லை விழுங்கினால், நமக்காக வேறொருவர் பேசத் தொடங்கிவிடுவார்.

உச்சரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'வாழைப்பழம்' என்பதை 'வாயப்பயம்' என்கிறோம் என்று நம் பிள்ளைகளை எள்ளி நகையாடுவோர் உண்டு. வீட்டுப் பேச்சு இழிவன்று; அதற்காக நாணித் தலைகுனிய வேண்டுவதில்லை. தாயிடம் அவள் மொழியிலேயே பேசுங்கள். அதனோடு மேடைக்குரிய ஒலிப்பையும் கற்றுக்கொள்ளுங்கள், இரண்டும் உங்களுடையவையே. 'ல'கரத்துக்கு நாநுனி மேற்பல்லின் அடியைத் தொடும். 'ள'கரத்துக்கு மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தொடும். 'ழ'கரத்துக்கு அவ்வாறே வளைந்து அண்ணத்தை நெருங்கும், தொடாது. நாளும் செய்தித்தாளில் ஒரு பத்தியை வாய்விட்டுப் படித்தால் சில திங்களில் இது கைவந்துவிடும்.

திரைப்பட நடிகரின் குரலைக் கடன் வாங்குவதை மட்டும் விட்டுவிடுங்கள். விழா மேடைகளில் நம் தம்பிமார் சிலர் தொண்டையை அழுத்திச் செயற்கையாகக் கனத்த குரலில் முழங்குவதைக் கேட்கும்போது எனக்கு அச்சமே உண்டாகிறது. அவர்களுடைய நாண்களை எண்ணி! பழைய நாடகக் குழுக்களில் சிறுவர்களின் குரல் உடையும் பருவத்தை மகரக்கட்டு என்பார்கள். அப்பருவத்தில் உச்சக் குரலில் வற்புறுத்திப் பாடவைத்தால் குரல் கெடும். தங்கைமார்களே, உங்களிடம் 'மெல்லப் பேசு' என்று வீட்டிலும் சொல்வார்கள், வெளியிலும் சொல்வார்கள். 1938-இல் சென்னையில் நடைபெற்ற பெண்கள் மாநாட்டில் பங்கேற்ற அன்னை மீனாம்பாள் சிவராஜ் நம்மவரே என்பதை அவர்களுக்கு நினைவூட்டுங்கள்.

அமெரிக்க நாட்டுக் கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனின் வரலாறு நம் கழகத்தார்க்குப் பொருத்தமானது. பிலடெல்பியா நகரத் தேவாலயப் பாடற்குழுவில் சிறுமியாகப் பாடத் தொடங்கிய அவரை, நிறம் காரணமாக ஓர் இசைப்பள்ளி சேர்த்துக்கொள்ளவில்லை. அவருடைய தேவாலயத்து மக்களே பணம் திரட்டி, ஆசிரியர் வைத்து, அவருக்குக் குரற்பயிற்சி அளித்தனர். 1939-இல் வாஷிங்டனில் ஓர் அரங்கம் அவருக்கு மறுக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று அவர் பாடியதை ஏறத்தாழ 75,000 பேர் கேட்டனர். கட்டணம் செலுத்தவும் சீருடை வாங்கவும் நிதி திரட்டும் நம் கழகம், பாடவும் நடிக்கவும் வல்ல ஒரு பிள்ளையின் பயிற்சிக்கும் ஒரு தொகையை ஒதுக்கலாமென்று இம்மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். தலைவர் அவர்கள் பொறுத்தருள்க.

குரலைப் பேணுவது பற்றிச் சிறிது. புகையும் புகையிலையும் குரலுக்கும் உயிருக்கும் கேடு. அடிக்கடி கனைப்பதை விடுத்து ஒரு வாய்த் தண்ணீர் அருந்துங்கள். பனங்கற்கண்டும் மிளகும் தொண்டைக்கு இதம். ஆனால் விழுங்குவது உணவுக்குழாய் வழியே செல்வதால் நாண்களைத் தொடாது. அங்குச் செல்வது ஆவிதான். குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். ஒலிவாங்கி முன் நிற்கும்போது வாய்க்கும் அதற்கும் நான்கு விரற்கடை முதல் ஒரு சாண் வரை இடைவெளி இருக்கட்டும்; அதனைத் தட்டிப் பார்ப்பதும் ஊதிப் பார்ப்பதும் வேண்டா.

இனி நீங்கள் பேச வேண்டிய நேரம். ஒலிவாங்கியை அணைத்துவிடச் சொல்லியிருக்கிறேன். இடப்புறத்திலிருந்து ஒவ்வொருவராக எழுந்து, இரு கால்களிலும் ஒப்ப நின்று, ஒரு மூச்சு பொறுத்து, உங்கள் பெயர், ஊர், படிப்பு மூன்றையும் சொல்லுங்கள். கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்கள், இறுதிச் சொல் கேட்டால் மட்டும் கை உயர்த்துவார்களாக.