அச்சுப்பொறிக்கு வலை வந்த வரலாறு



அலுவலக லேசர் அச்சுப்பொறிக்குள்ளேயே வலையமைப்பு இணைப்பு என்று அமையும்? கணிப்பொறிகள் மேசைதோறும் அமர்ந்த நாளில் எழுந்த வினா இது. வியப்பு யாதெனில், விடை முன்பே பிறந்திருந்தது.

கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில், ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில், கேரி ஸ்டார்க்வெதர் 1971இல் லேசர் அச்சுப்பொறியை இயக்கிக் காட்டினார். அதே கூடத்தில் 1973இல் ராபர்ட் மெட்காஃப் ஈதர்நெட்டைக் கருக்கொண்டார். அந்த அச்சுப்பொறியைக் கணிப்பொறிகள் பலவும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதும் அதற்கொரு காரணம். இரண்டும் ஒரு வீட்டுப் பிள்ளைகள். அலுவலகத்திற்கு வந்தபோதுதான் பிரிந்தன.

1984இல் வந்த ஹியூலட் பேக்கார்டின் லேசர்ஜெட், ஒரு கணிப்பொறியோடு பிணைக்கப்பட்ட ஏவலாள். பிறர் நெகிழ்வட்டைக் கையிலேந்திச் சென்று, அந்த மேசைக்குரியவர் எப்போது எழுவார் எனக் காத்து நிற்க வேண்டும். அவர் விடுப்பெடுத்து, அறையையும் பூட்டிச் சென்றுவிட்டாலோ, கேட்கவே வேண்டாம்!

மறு ஆண்டே ஆப்பிளின் லேசர்ரைட்டர், பல கணிப்பொறிகளோடு உறவாடும் இணைப்புடன் வெளிவந்தது. விலை 6,995 டாலர். ஒருவருக்கென வாங்கவியலாத அந்த விலையே பகிர்வைக் கட்டாயமாக்கிற்று எனலாம். 1991இல் லேசர்ஜெட் த்ரீ எஸ்ஐ, நிமிடத்திற்கு 17 பக்கம் அச்சிடும் வேகத்தோடு, வலையமைப்பு அட்டைக்கும் தன் வயிற்றில் இடமளித்தது.

அலுவலகப் பொழுதில் கவிதை புனையும் அன்பர்களுக்கு ஓர் இடரும் அன்றே தொடங்கியது. அச்சான தாள் பொதுத்தட்டில் விழும். எழுதியவர் நடந்து வருவதற்குள் கணக்கர் முதல் வாசகராகியிருப்பார்.