டாக்டருக்கும் பாடம் உண்டு
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்னிக்கு சேமிப்பு, கடன் பத்திப் பேசப் போறதில்லை. ரத்தத்தைப் பத்திப் பேசப் போறோம். "முருங்கைக்கீரை சாப்பிடுன்னு நர்ஸம்மா நூறு தடவை சொல்லியாச்சு" என்று சலிச்சுக்காதீங்க. இது வேற. நம்மைப் பார்க்கிற டாக்டர்கள் ரத்த நோய்களில் இன்னும் எதைப் படிக்க வேண்டியிருக்கு, அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதுதான் பேச்சு.

டாக்டருக்கே பாடமா என்று கேட்கலாம். படிக்கும்போது பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தப் புற்றுநோய்கூடப் பார்த்திருப்பார். ஆனால் மன்னவனூரிலும் பூம்பாறையிலும் அவர் முன்னால் வந்து உட்காருவது, மூச்சு வாங்குது, தலை சுத்துது என்று சொல்லும் நாமதான். "எதில் பயிற்சி வேணும்?" என்று அவரையே கேட்டால் அபூர்வமான நோயைத்தான் சொல்லுவார் என்று நமக்குத் தோணுது. தெரிஞ்சதுன்னு நினைக்கிற இடத்தில் விடுபடுவது அவர் கண்ணுக்கே படாது. மருந்து சாப்பிட்டும் தேறாதவங்க யார் யார் என்று பார்த்தால்தான் அது வெளியே வரும்.

நம்ம குழுவில் ஒரு தங்கச்சி மூணு வருஷம் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாள். ஹீமோகுளோபின் ஒன்பதரையைத் தாண்டவே இல்லை. "மாத்திரையைத் தூக்கிப் போடுறியா?" என்று திட்டு வேற. கடைசியில் மதுரையில் தனிச் சோதனை செய்தபோதுதான், தலசீமியா என்கிற பிறவிக் குறையை அவள் ரத்தத்தில் சுமக்கிறாள் என்று தெரிந்தது. இரும்பால் அது சரியாகாது. வீட்டுக்காரருக்கும் பார்த்தார்கள், நல்லவேளை அவருக்கு இல்லை. ரெண்டு பேருக்கும் இருந்திருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு, பிள்ளைக்குக் கடுமையான தலசீமியா வர வாய்ப்பு. அந்தப் பிள்ளைக்குச் சில வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் ஏத்திக்கிட்டே இருக்கணும். சாதாரண ரத்தச் சோதனைச் சீட்டிலேயே இதுக்குக் குறிப்பு இருக்கும்: சிவப்பணு ரொம்பச் சிறுசாக இருக்கும், எண்ணிக்கை மட்டும் குறையாது. அந்தச் சீட்டைப் படிக்கிற பழக்கம்தான் வேணும். இதைக் கேட்டு யாரும் மாத்திரையை நிறுத்திடாதீங்க. நம்மில் பலருக்கு இரும்புச்சத்துக் குறைவுதான். சாப்பாட்டோடு காப்பி, டீ குடிக்கிறதாலும் இரும்பு உடம்பில் சேராது.

அடுத்தது நம்ம மலைக்கே உரிய விஷயம். கொடைக்கானல் கடல்மட்டத்துக்கு மேலே 7,000 அடி. காற்று மெலிசு, அதனால் உடம்பு கூடுதலாக ரத்த அணு செய்துகொள்ளும். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 கிராம் இருக்கணும் என்பது கீழே உள்ள கணக்கு. 2,000 மீட்டர் உயரத்தில் அளந்த அளவிலிருந்து 0.8 கழிக்கணும் என்று உலக சுகாதார நிறுவனம் ரொம்ப நாளாகச் சொல்லிவந்தது. 2024-ல் அந்தக் கழிவை இன்னும் கூட்டியிருக்கு. வத்தலக்குண்டில் 12.4 என்றால் சரி. கொடைக்கானலில் அதே 12.4 என்றால் ரத்தசோகை! "நார்மல்" என்று சீட்டில் எழுதி வாங்கி வந்தவங்க நம்மில் எத்தனை பேரோ.

அரிவாள் செல் நோயும் இருக்கு. சிவப்பணு அரிவாள் மாதிரி வளைஞ்சு சின்ன ரத்தக்குழாயை அடைச்சுக்கும், எலும்பே உடைகிற மாதிரி வலிக்கும். குளிரும் தண்ணி குறைவாகக் குடிக்கிறதும் அதைக் கிளப்பிவிடும். வாதம்னு தைலம் தேய்ச்சுக்கிட்டே இருந்தால் போச்சு. இந்தியாவில் 1952-ல் நீலகிரி மலை மக்களிடம்தான் இது கண்டறியப்பட்டது. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை இதைப் பல வருஷமாகக் கவனித்து வருகிறது. மத்திய அரசு 2023 ஜூலையில் இதை ஒழிக்கத் தனித் திட்டமே தொடங்கியது. நம்ம பளியர், புலையர் குடும்பங்களில் எத்தனை பேருக்குச் சோதனை ஆச்சு என்று நாம் கேட்கணும்.

இப்ப வேலைக்கு வருவோம். ஒவ்வொரு குழுவும் ஒரு நோட்டு போடுங்க. பேர் வேண்டாம். வயசு, ஊர், எத்தனை மாசம் மாத்திரை, முதலில் ஹீமோகுளோபின் எவ்வளவு, இப்ப எவ்வளவு, சொந்தத்தில் யாருக்காவது அடிக்கடி ரத்தம் ஏத்தினாங்களா, கண்ணு மஞ்சளாச்சா, இது போதும். எழுதத் தெரியாதவங்களுக்குப் பிள்ளைங்க எழுதட்டும். எல்லாத்தையும் சேர்த்து வட்டார மருத்துவ அலுவலரிடம் கொடுத்து, "இவங்க ஏன் தேறலைன்னு உங்க டாக்டர்கள் கூட்டத்தில் வைச்சுப் பேசுங்க" என்று கேட்கப் போறோம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பழைய ரத்தச் சீட்டு எல்லாத்தையும் மஞ்சப்பையில் போட்டு எடுத்துட்டு வாங்க. கசங்கியிருந்தாலும் பரவாயில்லை.