சீக்கிரம் மயங்கினால் நல்லதா?

சினிமாவில் நாம் எல்லோரும் பார்த்திருக்கிற ஒரு காட்சி. வில்லனோட ஆள் கர்ச்சீப்பில் குளோரோஃபார்ம் ஊற்றி ஹீரோயின் மூக்கில் வைப்பான். ரெண்டே நொடி, ஆள் மயங்கி விழுந்திடுவாங்க. நான் மயக்க மருந்து டாக்டர். அந்தக் காட்சி வந்தாலே எனக்குச் சிரிப்பு வரும். நிஜத்தில் அதுக்குச் சில நிமிஷங்கள் ஆகும். ஏன்? மூச்சு வழியா போகிற மயக்க மருந்தோட வேகத்தை எது தீர்மானிக்குது? இன்னைக்கு அதைத்தான் பேசப்போறோம்.

மருந்து ரத்தத்தில் நல்லா கரைஞ்சா மயக்கம் சீக்கிரம் வரும்னு தோணும், இல்லையா? படிக்க ஆரம்பிச்ச புதுசுல நானும் அப்படித்தான் நினைச்சேன். உண்மை நேர் எதிர். ரத்தத்தில் அதிகம் கரையுற மருந்துதான் மெதுவா வேலை செய்யும்.

ஒரு குழாயைத் திறந்து கீழே டம்ளர் வைங்க. சட்டுனு நிரம்பிடும். அதே குழாயின் கீழே கல்யாண வீட்டு அண்டாவை வைங்க. அதே தண்ணிதான் விழுது, ஆனா மட்டம் ஏறவே மாட்டேங்குது. மூளையை மயக்குவது எவ்வளவு தண்ணி இருக்குங்கிறது இல்லை, மட்டம் எவ்வளவு உயரம்ங்கிறதுதான். மருத்துவத்தில் இதைப் பகுதி அழுத்தம்னு சொல்வோம். நுரையீரலில் இந்த அழுத்தம் ஏறினால் ரத்தத்தில் ஏறும், பின்னாடியே மூளையிலும் ஏறும்.

1846 அக்டோபர் 16-ஆம் தேதி, பாஸ்டனில் வில்லியம் மார்டன் எல்லோர் முன்னாலும் கொடுத்துக் காட்டினாரே, அந்த ஈதர் ஒரு அண்டா. காற்றில் அது ஒரு பங்கு இருந்தால், அதே அளவு ரத்தத்தில் சுமார் 12 பங்கு போய் உட்காரும். பின்னால் வந்த ஹாலோத்தேனுக்கு அந்த எண் சுமார் 2.4. இப்போ நாங்க அதிகம் பயன்படுத்துற செவோஃப்ளூரேனுக்கு 0.65 தான். அது டம்ளர்.

இன்னொரு விஷயம், வீரியம் வேற, வேகம் வேற. செவோஃப்ளூரேனைவிட ஹாலோத்தேன் வீரியமானது, குறைஞ்ச அளவே போதும். ஆனா மெதுவா ஏறும். டெஸ்ஃப்ளூரேன் செவோவைவிட வேகம், ஆனா தொண்டையை எரிக்கும், இருமல் வரும். அதனால மாஸ்க் வச்சு மயக்க அதை எடுக்க மாட்டோம்.

அடுத்தது குழாய். எவ்வளவு திறக்கிறோம்ங்கிறது முக்கியம். மாஸ்க்கில் மருந்தோட அளவைக் கூட்டினால் வேகம் கூடும். ஆழமா, வேகமா மூச்சு விட்டாலும் கூடும். சின்னக் குழந்தைகள் பெரியவங்களைவிட வேகமா மயங்குறதுக்கு இதுவும் ஒரு காரணம். அவங்க நுரையீரல் அளவோடு ஒப்பிட்டால், அவங்க மூச்சு ரொம்ப அதிகம். "டாக்டர், இவ்வளவு சீக்கிரமாவா தூங்கிட்டான்?"னு அம்மாக்கள் பதறுவாங்க. "பயப்படாதீங்கம்மா, குழந்தைங்க அப்படித்தான்"னு சொல்லுவேன்.

மூணாவதுதான் எனக்குப் பாடம் கத்துக்கொடுத்தது: இதயம். நிமிஷத்துக்கு எவ்வளவு ரத்தம் நுரையீரலுக்கு வருதோ, அத்தனை பாத்திரம் குழாய்க்குக் கீழே வருதுன்னு வச்சுக்கோங்க. இதயம் நிறைய ரத்தத்தைத் தள்ளினால் பாத்திரங்கள் அதிகம், மட்டம் மெதுவா ஏறும். குறைவா தள்ளினால் மட்டம் வேகமா ஏறும். அதாவது பயத்தில் நெஞ்சு படபடக்கிறவர் மெதுவா மயங்குவார். ரத்தம் போய்த் துவண்டு கிடக்கிறவர் சட்டுனு மயங்குவார்.

பயிற்சிக் காலத்தில் ஒரு ராத்திரி. பைக் விபத்து, வயிற்றுக்குள்ள ரத்தக் கசிவு, இருபத்தஞ்சு வயசுப் பையன். ஊசி போட்டுத் தூங்க வச்சாச்சு. அப்புறம் நான் பழக்கத்தில் கேஸ் டயலை வழக்கமான அளவுக்குத் திருப்பினேன். ரெண்டு நிமிஷத்தில் அவர் ரத்த அழுத்தம் சரிஞ்சது. என் சீனியர் கை நீட்டி டயலைக் குறைச்சார். ரத்தமும் ஏத்தினோம், அழுத்தம் மெல்ல ஏறிச்சு. அப்புறம்தான் கேட்டார், "டயலைப் பார்த்தியா, ஆளைப் பார்த்தியா?"

அங்கே நடந்தது ஒரு சுழல். இதயம் தளர்ந்திருக்கு, அதனால மருந்து வேகமா ஏறுது. ஏறின மருந்து இதயத்தை இன்னும் தளர்த்துது. தளர்ந்தால் இன்னும் வேகமா ஏறுது. உடம்பு ரத்தம் இழந்தாலும் மூளைக்குப் போற பங்கை முடிஞ்சவரை விட்டுக்கொடுக்காது, அதனால மருந்தும் நேரா அங்கே போகும். இதில் அண்டா மருந்துகள்தான் அதிக ஆபத்து. செவோ மாதிரி மருந்தில் இந்த விளைவு குறைவு, ஆனா இல்லாமல் இல்லை. அந்தப் பையன் பிழைச்சிட்டார். ஆனா இன்னைக்கும் யாராவது எதிர்பார்த்ததைவிட வேகமா ஆழமா போனால், எனக்கு நிம்மதி வராது. முதல்ல மானிட்டரைப் பார்ப்பேன்.

அதனால உங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆபரேஷனுக்கு முன்னாடி நாங்க வந்து, வீசிங் இருக்கா, மாடி ஏறினா மூச்சு வாங்குதா, இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுறீங்களா, சிகரெட் பழக்கம் உண்டான்னு கேட்போம். ஃபார்ம் நிரப்பக் கேட்கலை. உங்க நுரையீரலும் இதயமும்தான் எங்க டயலை எவ்வளவு திருப்பணும்னு சொல்லுது. வெட்கப்படாமல் உண்மையைச் சொல்லிடுங்க. பக்கத்தில் அப்பா அம்மா இருந்தா, "டாக்டர், தனியா பேசணும்"னு சொல்லுங்க. புரிஞ்சுப்போம்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.