இழப்பும் ஈடும்

காலை வேளையில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குச் செல்லும் சாலைகளைக் கண்டவர்களுக்குத் தெரியும்: ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் இடையே நான்கு முழ இடங்கூட இராது. பேருந்து, லாரி, ஆட்டோ, மோட்டார் சைக்கிள் யாவும் ஒன்றையொன்று தொடர்ந்து விரைகின்றன. முன்னே செல்வது சட்டென்று நின்றால், பின்னே வருவது மோதுகிறது. உடனே கூட்டம் கூடுகிறது. யாரோ சமாதானம் பேசுகிறார். ஐந்நூறோ ஆயிரமோ கைமாறுகிறது. அடிபட்டவரும், "பெரிய காயம் ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார். இந்தச் சமாதானம் நியாயமானதுதானா? இதுவே இன்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி.

பௌதிகம் பயிலும் மாணவர்கள் சடத்துவம் என்பதை அறிவார்கள். நின்றிருக்கும் காரைப் பின்னாலிருந்து மற்றொரு கார் இடிக்கும்போது, இருக்கை நம் உடலை முன்னே தள்ளுகிறது. தலையோ இருந்த இடத்திலேயே இருக்க முயல்கிறது. இரண்டுக்கும் நடுவே அகப்பட்டுத் துன்புறுவது கழுத்து. இத்தகைய காயத்தின் வலி சில மணி நேரம் கழித்தோ, மறுநாளோ தலைகாட்டுவதுண்டு. அதற்குள் சாலையோரத்திலேயே கணக்கைத் தீர்த்துக்கொள்வது, எடை போடாமலே பொருளுக்கு விலை பேசுவது போலாகும்.

எடை போடுவதற்கென்றே ஓர் அமைப்பு நம் நாட்டில் இருக்கிறது. 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 1956-இல் செய்யப்பட்ட திருத்தம், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களுக்கு வழி வகுத்தது. இப்போது நடப்பில் உள்ள 1988-ஆம் ஆண்டுச் சட்டமும் அவற்றைத் தொடர்ந்து ஏற்றிருக்கிறது. விபத்து நடந்த ஊரிலோ, அடிபட்டவர் வாழும் ஊரிலோ மனுச் செய்யலாம். வண்டிகளுக்குக் கட்டாய இன்ஷூரன்ஸ் வைத்திருப்பதன் நோக்கமே, இடித்தவர் ஏழையானாலும் இடிபட்டவர் வெறுங்கையோடு போகலாகாது என்பதுதான். ஆகவே, ஈடு கேட்பது இரந்து கேட்பதன்று, உரிமையைக் கேட்பது.

அந்த ஈட்டை எவ்வாறு அளப்பது? 2010-இல் உச்ச நீதிமன்றம் இதற்குத் தெளிவானதோர் விளக்கம் தந்தது. ஒருவர் இடக்கையை இழந்தார் என்று கொள்வோம். மருத்துவர் அந்த ஊனத்தைச் சுமார் 60 விழுக்காடு என மதிப்பிடலாம். ஆனால் அவர் தச்சராகவோ வண்டியோட்டியாகவோ இருந்தால், அவருடைய சம்பாதிக்கும் ஆற்றல் ஏறக்குறைய முழுவதுமே போய்விடுகிறது. அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்தாலோ, அவருடைய ஊதியம் குறையாமலே இருக்கக்கூடும். காயம் ஒன்றே, இழப்பு வேறு. அளக்க வேண்டுவது காயத்தை மட்டுமன்று, அந்தக் காயம் வாழ்க்கையில் ஏற்படுத்திய பள்ளத்தையும் ஆகும்.

அம்பத்தூரில் கடைசல் இயந்திரத்தில் வேலை செய்யும் முப்பது வயதுத் தொழிலாளி ஒருவரைக் கற்பனை செய்து கொள்வோம். மாதம் 20,000 ரூபாய் சம்பாதிக்கிறார். விபத்திற்குப் பின் குனிந்து நெடுநேரம் நிற்க இயலவில்லை. சம்பாதிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. ஆண்டு இழப்பு 48,000 ரூபாய். அவர் வயதுக்கு உச்ச நீதிமன்றம் 2009-இல் வகுத்த பெருக்கு எண் 17. பெருக்கினால் 8,16,000 ரூபாய் வருகிறது. மருத்துவச் செலவும், பட்ட வேதனைக்கான தொகையும், வேலைக்குப் போகாத நாட்களின் கூலியும் இதன்மேல் சேர வேண்டியவை. சாலையோரத்தில் வாங்கிய ஆயிரம் ரூபாயை இதன் அருகே வைத்துப் பாருங்கள்!

எனினும், நீதியின் தராசுக்குத் தட்டுகள் இரண்டு. 2017 ஜனவரியில் கோயம்புத்தூரில் பொறியியல் மாணவர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் சென்றுகொண்டிருந்தார். முன்னே சென்ற கார் திடீரென்று நின்றது. அதன்மீது மோதி விழுந்த அவர்மேல் பின்னால் வந்த பேருந்து ஏறியது. இடக்காலை இழந்தார். தீர்ப்பாயம் கார் ஓட்டியவர்மீது பழி இல்லை என்றது. உயர் நீதிமன்றம் அவரையும் பொறுப்பாக்கியது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், முன்னறிவிப்பின்றி நெடுஞ்சாலையில் நிறுத்திய கார்மீது 50 விழுக்காடும், பேருந்தின்மீது 30 விழுக்காடும் பொறுப்பைச் சுமத்தியது. மீதி 20? அது மாணவருடையது. போதிய இடைவெளி விடாததும், செல்லத்தக்க உரிமம் இல்லாததும் அவர் குறை. கிடைக்க வேண்டிய தொகையில் ஐந்தில் ஒரு பங்கு அதனால் குறைந்தது. எட்டு ஆண்டுகளுக்கு மேல் வழக்காடிப் பெற்ற நீதி அது. ஆயினும் போன கால் போனதுதான்.

நியாயத்திற்குச் சாட்சி தேவை. விபத்து நேர்ந்தால் முதலில் மருத்துவரிடம் செல்க. 'இடிபட்டதால் வந்த வலி' என்று அங்கே பதியச் செய்க. காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டுப் பெறுக. மருந்துச் சீட்டு, சம்பளச் சீட்டு எதையும் எறிந்துவிட வேண்டாம். 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம், ஆறு மாதத்திற்குள் மனுச் செய்யவேண்டும் என்கிறது. அந்த வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் தொடரப்பட்டிருப்பினும், காலம் தாழ்த்துவது நன்றன்று. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தொழிலாளரும், பெண்களும், சிறுவரும் அஞ்ச வேண்டியதில்லை. அவர்களுக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமையை 1987-ஆம் ஆண்டுச் சட்டம் அளித்திருக்கிறது.

மாணவ நண்பர்களே! உங்கள் வீட்டில் தந்தையோ அண்ணனோ நாள்தோறும் இச்சாலைகளில் செல்பவராக இருக்கலாம். படித்தவர் நீங்கள். என்றேனும் அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வந்து, "ஒன்றுமில்லை, விட்டுவிடு" என்பாராயின், விட்டுவிடாதீர்கள். அவர் கையைப் பிடித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கையெழுத்திடுமுன் காகிதத்தைப் படித்துக் காட்டுங்கள். நீங்கள் வண்டி ஓட்டும் நாளிலோ, முன்னே செல்பவருக்கும் உங்களுக்கும் இடையே போதிய இடம் விடுங்கள். அந்தச் சிறு இடைவெளியைவிடப் பெரிய ஈட்டை எந்த நீதிமன்றமும் அளித்துவிட முடியாது.