கோட்டை வாசலில் கேட்கும் நீதியைப் பாடசாலை வாசலிலும் கேட்போம்



திருகோணமலையில் சுவாமி மலைக்குப் போகிற நாங்கள் எல்லோரும் பிரெட்ரிக் கோட்டை வாசலால்தான் போகிறோம். அந்தச் சுவரை ஒருதரம் நின்று பாருங்கள். 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, பிறகு இடித்த கல்லைக் கொண்டே அங்கு கோட்டை கட்டினார்கள். மண்ணுக்குள் ஒளித்து வைத்த திருவுருவங்கள் 1950இல் கிணறு வெட்டும்போது வெளியே வந்தன. 1963இல் கும்பாபிஷேகம் கண்டோம். இடையில் முந்நூறு வருடத்துக்கு மேல் அந்த மலையில் கோபுரம் இல்லை. என்றாலும் சனம் பாறை முனையில் நின்று கடலுக்குப் பூப்போட்டது, தேங்காய் உடைத்தது. பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் அந்த வழிபாட்டைத் தன் நூலில் எழுதி வைத்திருக்கிறார்.

கல்லைப் பறித்தவனால் கும்பிடுகிற கையைப் பறிக்க முடியவில்லை. இதைப் பெருமையோடுதான் சொல்கிறேன்.

இந்தத் துறைமுக ஊரில் நம்பிக்கை வீட்டுக்கு வீடு வேறு. கடலுக்குப் போகும் தொழிலாளிக்கு அது காற்று மாறும் நேரத்தில் வாயில் வருகிற பெயர். அந்தப் பெயர் காளியாக இருக்கலாம், மாதாவாக இருக்கலாம், அல்லாஹ்வாக இருக்கலாம். தாயை இழந்த பிள்ளைக்கு அது கன்னியா வெந்நீரூற்று. இராவணன் தன் தாய்க்குக் கடன் கழித்த இடம் என்று முன்னோர் சொன்ன ஏழு கிணறுகள். போயா நாளில் வெள்ளை உடுத்திப் பூத்தட்டோடு விகாரைக்குப் போகும் சிங்களத் தாய்க்கு அது மனம் அடங்கும் ஒரு பொழுது. இவர்களில் ஒருவர் கும்பிட்டதால் மற்றவருக்கு என்ன குறைந்தது? ஒன்றும் குறையவில்லை.

அப்படியானால் குறைத்தது எது? 2005 மே மாதம் பஸ் நிலையத்தடியில் இரவோடிரவாக ஒரு புத்தர் சிலை முளைத்தது, ஊர் கடையடைத்தது. 2019இல் கன்னியாவுக்கு வழிபடப் போன சனத்தைப் பொலிஸார் மறித்தார்கள். 2020இல் கிழக்கின் தொல்பொருளைக் காக்க என்று பாதுகாப்புச் செயலாளர் தலைமையில் ஒரு செயலணி அமைத்தார்கள். தமிழ் பேசுவோர் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கு அமைத்த அந்தச் செயலணியில், தொடக்கத்தில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. 2025 நவம்பரில் கடற்கரையில் வைத்த சிலையைப் பொலிஸார் இரவில் எடுத்தார்கள், மறுநாளே திரும்ப வைத்தார்கள். ஆசையை விடு என்று போதித்த புத்தருக்கு எங்கள் கடற்கரைக் காணி எதற்கு? காணி கேட்பது அதிகாரம். அதற்குக் காவி உடுத்தி அனுப்புகிறார்கள். நான் எதிர்ப்பது அந்த அதிகாரத்தை. பூத்தட்டோடு போகும் அந்தத் தாயோடு எனக்கு ஒரு வழக்கும் இல்லை.

இதுவரை கை தட்டினீர்கள். இனிச் சொல்லப் போவதற்கும் காது கொடுங்கள்.

2018 ஏப்ரலில், இதே ஊரில், எங்கள் இந்து மகளிர் கல்லூரி ஒன்றின் வாசலில் ஓர் ஆர்ப்பாட்டம் நடந்தது. அபாயா அணிந்து படிப்பிக்க வந்த முஸ்லிம் ஆசிரியைகள் சேலை உடுத்த வேண்டும் என்று பதாகை பிடித்தவர்கள் யார்? கொழும்பிலிருந்து வந்தவர்களா? எங்கள் சனம்! அந்த ஆசிரியைகளுக்கு இடமாற்றம் வந்தது. மனித உரிமைகள் ஆணைக்குழு அவர்கள் பக்கமே நியாயம் கண்டது. 2022 பெப்ரவரியில் ஓர் ஆசிரியை கடமைக்குத் திரும்பிய நாளிலும் அந்த வாசலில் கலவரம்.

பாடசாலைக்கு ஒரு மரபு உண்டு, அதைக் காக்க வேண்டாமா என்று சிலர் கேட்கிறார்கள். மரபு பெரிதுதான். ஆனால் நாட்டின் மரபு பௌத்தம், அடங்கி இரு என்று எங்களுக்குச் சொல்கிறவனும் இதே கதையைத்தான் சொல்கிறான். அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதலிடம் கொடுத்ததை ஏற்க மறுக்கிறோம். 10ஆம் உறுப்புரை ஒவ்வோர் ஆளுக்கும் கொடுத்த மனச்சாட்சிச் சுதந்திரத்தை நீதிமன்றத்தில் தூக்கிக் காட்டுகிறோம். அந்த 10ஆம் உறுப்புரை அபாயா அணிந்த ஆசிரியைக்கு இல்லையா? ஒரு பாடசாலை மதிலுக்குள் நாங்கள் பெரும்பான்மை ஆனவுடன் எங்களுக்கும் அதே குணம் வந்துவிட்டதே, அதுதான் என்னைச் சுடுகிறது. அவர் அபாயாவோடு கரும்பலகைக்கு முன் நின்றால் எந்தப் பிள்ளையின் திருநீறு அழிந்துபோகும்?

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கன்னியாவுக்காகவும் கோணேசர் மலைக்காகவும் கச்சேரி வாசலில் நாங்கள் கூடும் நாளில் அந்த ஆசிரியைகளையும் கூப்பிடுங்கள். கூப்பிட முதல், அன்று பதாகை பிடித்தவர்களே, அந்த ஆசிரியைகளின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேளுங்கள்.